கரடிக் காவலும் நண்பகல் துருவ ஒளியும்

ஸ்வால்பார்டுக்குப் படிக்கப் போகிறவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் முதல் பாடம் துப்பாக்கிதான். கடலுயிர் ஆராய வந்தவர், பனிப்பாறை ஆராய வந்தவர், என்னைப் போல மேல்வளிமண்டல இயற்பியல் படிக்க வந்தவர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே காலியாக இருக்கிறதா என்று பார்த்து, விரலை விட்டுத் தடவி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, அவரும் பார்த்துத் தலையசைத்த பிறகே கீழே வைக்கலாம். இதையே கையுறை போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். உண்மையான தோட்டா அதற்கு அப்புறம்தான் வரும். திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் தொட்டிராத எனக்கு, முதல் குண்டு தோளில் கொடுத்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நார்வேயின் வடகோடிக்கும் வடதுருவத்துக்கும் நடுவே, கடலில் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அதன் தலைமை ஊர் லாங்யர்பியன், 78 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து துருவம் ஏறத்தாழ 1300 கிலோமீட்டர். ஊரில் சுமார் 2500 பேர். 1906-இல் ஜான் லாங்யர் என்ற அமெரிக்கரின் கம்பெனி நிலக்கரி எடுக்க அமைத்த ஊர் அது, பெயரும் அவருடையதே. 1993-இல் அங்கே ஒரு பல்கலைக்கழக மையம் தொடங்கினார்கள். யூனிஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தாலும் ஒரு பருவமோ இரண்டு பருவமோ அங்கே வந்து படிக்கலாம், கல்விக் கட்டணம் கிடையாது. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு அடிக்கடி ஆதங்கம் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரம் வரும். கோயிலைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பது ஊரிலேயே பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே காந்தப் புலக் கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்டக் கிடையாக ஓடும். நூறு கிலோமீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே பகலில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாயும். இரவில் வானத்தை முழுக்கப் படம்பிடிக்கும் கேமரா ஒன்றும் அங்கே உண்டு. மேலே ஆக்சிஜன் அணுக்கள் விடும் மங்கலான சிவப்பொளி, கண்ணுக்குத் தெரியாதது, அதில் பதிவாகும். அலைநீளம் 630 நானோமீட்டர். எம்.எஸ்ஸி. படிக்கும்போது அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, அதே சிவப்பைத் துருவ ஒளியாக (அரோரா) வானத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறதே, அங்கே போக வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது.

2022-இல் ஆஸ்லோவில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் நார்வே கட்டணம் வாங்கத் தொடங்கியது 2023 இலையுதிர்ப் பருவத்திலிருந்து, நான் அதற்கு முந்தைய ஆண்டே சேர்ந்துவிட்டேன். 2024 ஜனவரியில், கடைசிப் பருவத்தை யூனிஸில் கழிக்க விமானம் ஏறினேன்.

ஜனவரியில் அங்கே சூரியன் இல்லை. அக்டோபர் கடைசியில் மறைவது பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். ஜனவரியின் பெரும்பகுதி, நண்பகலிலும் விண்மீன் தெரியும் இருட்டு. வந்த புதிதில் மதியம் பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் சாயங்காலம் நாலரை, வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது.

"என்னட்டி, லைட்டப் போட வேண்டியதுதான? ஒண்ணுமே தெரியல."

வெளியே நிற்கிறேன், இது மத்தியானம் என்று சொன்னேன். போனை நாலாபுறமும் திருப்பிக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கூட யாரும் இருக்காங்களாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஊரைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி அதுதான். பாதுகாப்புப் பயிற்சி முழுக்க, கூட இருப்பவருக்காக நீ என்ன செய்வாய், உனக்காக அவர் என்ன செய்வார் என்பதைச் சுற்றியே நடந்தது. கடல் உறைந்த இடத்தில் பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து ஒரு குளம் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராக அதில் இறங்க வேண்டும். கழுத்தில் தொங்கும் இரண்டு ஆணிப்பிடிகளைக் கட்டியில் குத்தி, காலால் நீரை உதைத்து, வயிற்றால் தவழ்ந்து மேலே வர வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது, உருண்டு நகர வேண்டும், ஏனென்றால் ஓரம் மறுபடி உடையலாம். எனக்கு முன்னால் போன ஜெர்மன் பையன் மூச்சு விட முடியாமல் திணறினான். கரையில் கயிறு பிடித்திருந்தவள், "முதல்ல மூச்சு, அப்புறம் கை" என்று கத்திக்கொண்டே இருந்தாள். என் முறை வந்தபோது கயிறு அவன் கையில் இருந்தது. குளிர்நீரில் விழுந்த முதல் நிமிடம் உடம்பு தானாகவே வேகவேகமாக மூச்சு வாங்கும். அதை அடக்கிய பிறகுதான் கை சொன்னபடி கேட்கும் என்பது என் உடம்புக்கே அன்று தெரிந்தது.

பனிச்சரிவுப் பயிற்சியில் ஆளுக்கொரு சிக்னல் கருவி, மடக்குக் கம்பி, மண்வெட்டி. பனிக்கு அடியில் எங்கோ புதைத்து வைத்த கருவியைத் தேடித் தோண்ட வேண்டும். மூச்சு வாங்கும் அவகாசம்கூட இல்லாத வேலை. புதைந்தவர் பிழைப்பது முதல் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது, வெளியாள் வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிடும், கூட வந்தவர்தான் தோண்டியாக வேண்டும். அந்த ஊருக்கு இது வெறும் பாடமில்லை. 2015 டிசம்பர் 19 அன்று காலை சுக்கெர்டோப்பன் மலையிலிருந்து சரிந்த பனி, ஊருக்குள்ளேயே வரிசை வீடுகள் மேல் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒன்று சின்னக் குழந்தை. 2017-இல் மறுபடி ஒன்று சரிந்தது. இப்போது மலைச்சரிவில் இரும்புத் தடுப்புகள் நிற்கின்றன, சில வீடுகளை இடித்துவிட்டார்கள். மாணவர் விடுதியும் மலையடிவாரத்துப் பழைய சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஆற்றங்கரைச் சமவெளிக்கு மாறிவிட்டது. என் அறை அந்தப் புதுக் கட்டிடத்தில்.

கரடி விஷயமும் அப்படித்தான். 1995-இல் ஊரை ஒட்டிய பிளாத்தோபெர்கெட் மலைமேல் ஓர் இளம்பெண்ணைக் கரடி கொன்றது. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைக் கொன்றது. ஆகவே ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கரடியைத் தேடிப் போவது, துரத்துவது, தொந்தரவு செய்வது குற்றம். 1973 முதல் வேட்டைக்கும் தடை. துப்பாக்கி தோளில் தொங்கும்போது தோட்டா மேகசினில் இருக்கும், குழல் அறை காலியாக இருக்கும். முதலில் சத்தமும் வெளிச்சமும் போடும் சிக்னல் துப்பாக்கி, துப்பாக்கிச் சூடு கடைசியிலும் கடைசி. ஒரு கரடி சுடப்பட்டால் ஆளுநர் அலுவலகம் விசாரணை நடத்தும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. விலங்கின் வீட்டுக்கு நாம் போயிருக்கிறோம் என்பதைச் சட்டமே ஞாபகப்படுத்துகிறது.

அன்றாட வாழ்க்கை பழகிவிடும். யூனிஸ் கட்டிடத்துக்குள் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும், சுரங்கக் காலத்தில் கரித்தூளை உள்ளே கொண்டுவராமலிருக்க வந்த பழக்கம். ஊர் முழுக்க இது உண்டு, நமக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நிறைய வேலை பார்ப்பதால் தேங்காய்ப் பால் டின்னுக்கும் மிளகாய்க்கும் பஞ்சமில்லை. காய்கறி விலைதான் மனசை அடிக்கும். ரசம் வைத்தால் விடுதிச் சமையலறை நிறைந்துவிடும், பனிப்பாறை மாணவர்கள் கோப்பையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அங்கே போனதன் காரணத்துக்கு வருகிறேன். லாங்யர்பியனிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, ஏழாம் எண் சுரங்கத்துக்கு மேலே பிரெய்னோசா மலையில் ஷெல் ஹென்ரிக்சன் துருவ ஒளி ஆய்வகம் இருக்கிறது. 2008-இல் திறந்தது. சுரங்கப் பாதை வரை வண்டி போகும், அதற்கு மேல் பட்டைச் சக்கர வண்டி. கட்டிடத்தில் நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையின் கூரையிலும் ஒளி ஊடுருவும் குவிமாடம், அதன் கீழே ஏதோ ஒரு நாட்டின் கருவி மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். விளக்குப் போடக் கூடாது. நெற்றி விளக்கு என்றாலும் சிவப்பு மட்டும்தான். பக்கத்து மேட்டில், மேல்வளிமண்டலத்தை ஆராயும் ஐஸ்கேட் ரேடாரின் இரண்டு பெரிய கிண்ணங்கள், ஒன்று 32 மீட்டர், இன்னொன்று 42 மீட்டர்.

துருவ ஒளி என்றால் இரவில் வருவது என்றே எல்லோரும் நினைப்போம். நார்வேயின் ட்ரோம்சோவிலும் ஐஸ்லாந்திலும் சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது இரவுப்பக்க ஒளி. பூமியின் நிழல்பக்கம் வால்போல நீண்டு கிடக்கும் காந்தப் புலத்திலிருந்து திரும்பி வரும் எலக்ட்ரான்கள் அதை உண்டாக்குகின்றன. பகல்பக்கத்தில் கதை வேறு. சூரியனை நோக்கிய பக்கத்தில், காந்தப் புலம் புனல் மாதிரி திறந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. சூரியக் காற்றின் துகள்கள் அதன் வழியே நேராக உள்ளே இறங்கும். அந்த வாய்க்கு அடியில் நிற்க வேண்டும், பகல் நேரமாக இருக்க வேண்டும், ஆனால் வானமும் இருட்டாக இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைந்து, விமானமும் விடுதியும் உள்ள இடம் உலகத்தில் ஸ்வால்பார்டைத் தவிர அரிது. அங்கே காலை பத்து மணிவாக்கில் அந்த வாய் தலைக்கு மேல் வருகிறது.

நாங்கள் மேலே போன நாள் வானம் சுத்தமாக இருந்தது. பயிற்சியாளர் எங்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவு வானத்தைப் பார்க்கும், இன்னொரு பிரிவு தரையைப் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து நிற்க அங்கே அனுமதி இல்லை. முதலில் என் முறை தரை. துப்பாக்கியோடு நின்று, வெள்ளைச் சரிவில் ஏதாவது அசைகிறதா என்று இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நண்பர்கள் "ஓ" என்று இழுத்தது கேட்டது. திரும்பவில்லை. அவர்கள் நிம்மதியாக மேலே பார்க்க, நான் கீழே பார்த்தாக வேண்டும். அந்தப் பருவம் முழுக்க எனக்குக் கிடைத்த கல்வியில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

என் முறை வந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. தெற்குப் பக்கம் மலைகளுக்கு மேலே ஒரு சிவப்பு. புகைப்படங்களில் வருவது போன்ற பளீர் நிறம் இல்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, கருஞ்சிவப்பாக ஒரு பட்டை மெல்ல வடக்கே நகர்வது தெரிந்தது. கீழே அங்கங்கே பச்சைக் கீற்றுகள் தோன்றித் தோன்றி மறைந்தன. பாடத்தில் படித்த எண்கள் அப்போது கண்ணெதிரே நடந்தன. பச்சை ஒளி விடும் ஆக்சிஜன் அணு, தூண்டப்பட்ட பிறகு முக்கால் நொடிக்குள் ஒளியை விட்டுவிடும். சிவப்பு விடும் நிலைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் வேறோர் அணு வந்து மோதினால் ஒளி வராமலே போய்விடும். ஆகவே காற்று மிக மெலிந்த 250 கிலோமீட்டருக்கு மேலேதான் சிவப்பு உண்டாகும், அசைவும் நிதானமாக இருக்கும். பச்சை துடிக்கிறது, சிவப்பு நகர்கிறது, காரணம் இவ்வளவுதான். கிருஷ்ணாபுரத்துக் கேமராவில் பதிவாகும் அதே 630. உண்டாகும் விதம் வேறு, விடும் அணு ஒன்றே. அங்கே படுத்துக் கிடக்கும் காந்தக் கோடு இங்கே 82 பாகை சாய்வில், கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது. பேசத் தோன்றாமல் அழுதுவிட்டேன். இமையில் நீர் உறைந்து ஒட்டிக்கொண்டது, பக்கத்தில் நின்ற தோழி தன் உள்ளங்கையை வைத்துச் சூடாக்கி எடுத்துவிட்டாள்.

அதே குளிர்காலத்தில் வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டரில் உள்ள நீ-ஓலசுந்த் என்ற ஊரில், இந்தியாவின் ஹிமாத்ரி நிலையத்திலும் நம் ஆட்கள் இருந்தார்கள். 2008-இல் திறந்த அந்த நிலையத்துக்குக் குளிர்கால ஆய்வுக் குழு அனுப்பியது 2023 டிசம்பரில்தான் முதல்முறை.

மார்ச் 8 லாங்யர்பியனுக்குப் பெரிய நாள். சூரியன் அதற்கு முன்பே அடிவானத்தைத் தாண்டியிருந்தாலும் மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது அன்றைக்குத்தான். பழைய மருத்துவமனையின் படிக்கட்டுகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. ஊரே அங்கே கூடிவிடும். மஞ்சள் சாயம் பூசிய முகத்தோடு குழந்தைகள் சூரியனைக் கூவிக் கூப்பிடுவார்கள். நம் ஊர் வெயிலில் வளர்ந்த எனக்கு அதை அப்படி விழுந்து வரவேற்பதைப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் வெளிச்சம் வேகமாகக் கூடியது. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் மறைவதே நின்றுவிடும். துருவ ஒளிக்காரர்களுக்கு அத்தோடு வேலை முடிந்தது, தரவை வைத்துக் கணக்குப் போட வேண்டியதுதான். ஆனால் பனிப்பாறைக் குழுவுக்கு ரேடார் கருவி இழுக்க ஆள் தேவைப்பட்டது. பனியின் ஆழத்தை அளக்கும் சிறு ரேடார் அது. கேட்டதும் சரி என்றேன். ஸ்னோ ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், ஒரு பனிப்பாறையின் முகத்துக்கு எதிரே கூடாரம் அடித்தோம். கூடாரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கம்பி கட்டி, யாராவது இடித்தால் வெடித்து ஒளிரும் குழாய்களை மாட்டினோம். அதை மட்டும் நம்பக் கூடாது என்று இரவில் முறை வைத்துக் காவல். இரவு என்று சொல்கிறேனே தவிர, சூரியன் வடக்கே மலைமேல் நின்றுகொண்டிருந்தது.

அதிகாலை மூன்று மணிக் காவலில் என்னோடு போலந்துப் பெண் ஒருத்தி இருந்தாள். உட்கார்ந்தால் தூக்கம் வரும், குளிரும் ஏறும், ஆகவே கூடாரங்களைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தோம். பைனாகுலர் அவளிடம்.

"அந்தப் பனி ஏன் மஞ்சளா இருக்கு?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். உறைந்த கடல்மேல், வெகு தூரத்தில், வெள்ளைக்கு நடுவே மங்கிய மஞ்சள் புள்ளி. பனிக்கு முன்னால் வெண்கரடி வெள்ளையாகத் தெரியாது என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. புள்ளி நகர்ந்தது.

"நகருது. எழுப்பு."

அவள் ஒவ்வொரு கூடாரமாகத் தட்டிக்கொண்டு போனாள். நான் கண்ணை எடுக்காமல் நின்றேன், சிக்னல் துப்பாக்கி கையில். குழுத் தலைவர் வந்து பார்த்தார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்தார், சத்தமில்லாமல் சாமான்களைக் கட்டச் சொன்னார். கூடாரங்கள் இறங்கின, ஸ்கூட்டர்கள் வரிசையில் நின்றன, இயந்திரத்தை ஓட்டவில்லை. கரடி எங்களை நோக்கி வரவில்லை. சீல் மூச்சு விடும் துளைகளைத் தேடி, நின்று நின்று, விரிகுடாவின் மறுகரைக்குப் போனது. அதன் போக்கு தெளிவானதும் நாங்கள் எதிர்த்திசையில் கிளம்பினோம். அளக்க வேண்டிய கடைசிக் கோடு அளக்காமலே விடப்பட்டது, யாரும் அதைப் பற்றி வருத்தப்படவில்லை. காலையில் விடுதிக்கு வந்து தூங்கி எழுந்த பிறகுதான் என் கைகள் நடுங்கின.

மே 10-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. 2003-க்குப் பிறகு பூமியில் பதிவான மிகக் கடுமையான காந்தப் புயல் அன்று வந்தது. லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்தது, அங்கிருந்த வானியல் ஆய்வகக் கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. துருவ ஒளி படிக்கவென்றே 78-ஆம் பாகைக்கு வந்த எங்கள் தலைக்கு மேலே மட்டும் நடுநிசிச் சூரியன். எல்லோரும் ஆய்வறையில் கூடி, லாங்யர்பியன் காந்தமானியின் கோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் நேரப்படி மாலை ஏழு தாண்டியதும் கோடு துள்ளியது. அப்போதே போனில் செய்தி. கிருஷ்ணாபுரம் பக்கம் ஆய்வு செய்யும் சீனியர் அக்கா அனுப்பியிருந்தார்: "இங்க ஏறிடுச்சு. அங்க?" ஊரில் மணி பத்தரை. சூரியனிலிருந்து வந்த அதிர்ச்சி பூமியின் காந்தக் கூட்டை அழுத்தியது அந்த நிமிடம், பாளையங்கோட்டைப் பக்கத்திலும் லாங்யர்பியனிலும் ஒரே நேரத்தில் ஊசி துள்ளியிருக்கிறது. வானத்தில் ஒன்றும் தெரியாததற்காக ஏங்கிய மனசு அதைக் கேட்டதும் அடங்கிவிட்டது. விடிய விடிய இருவரும் படங்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டோம். பெரிய புயலில் துருவத்தில் எழும் மின்புலம் சில நிமிடங்களுக்குள் நிலநடுக்கோடு வரை ஊடுருவும். அதை இரண்டு முனைகளின் தரவையும் வைத்துப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். யூனிஸில் நேராகச் சேர முடியாது, வேறு ஏதாவது பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்க வேண்டும், அவர்கள் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இலையுதிர்ப் பருவத்துக்கு ஏப்ரல் 15, வசந்தப் பருவத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள். கட்டணம் இல்லாவிட்டாலும் வாடகை, சாப்பாடு, களப்பயணச் செலவு கையிலிருந்து போகும், அதற்குப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். 1920-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஸ்வால்பார்டில் இருக்க விசா வேண்டாம். ஆனால் போகும் வழியும் திரும்பும் வழியும் நார்வேதான், ஆகவே ஷெங்கன் அனுமதி திரும்பி வரும் நாள் வரை செல்லுபடியாக வேண்டும். மீட்புச் செலவையும் சேர்த்த காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி, பனிக்குளம் என்று படித்துவிட்டு, நமக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடாதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். நீந்தத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் முதல் வாரத்திலிருந்து கற்றுத் தருவார்கள்.